யளனகவில் இருந்து எக்செல் வரைக்கும்: எங்கட ஊர்களில் கொம்பியூட்டர் கோர்ஸ் வந்த கதை

ஏ.எல். பரீட்சை முடிந்து ஒரு கிழமை ஆகாது. கல்முனையில் இருந்து பொத்துவில் வரைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "இனி என்ன, கொம்பியூட்டர் கோர்ஸ் ஒண்டுக்குச் சேரல்லயா?" பெறுபேறு வரும் வரைக்கும் இருக்கிற மாதங்களை நிரப்புவதற்கு எங்கட பக்கம் இதைவிட மதிப்பான வழி கிடையாது. மூன்று மாதம், ஆறு மாதம், சில இடங்களில் ஒரு வருடம். வேர்ட், எக்செல், பவர்பொயிண்ட், எக்சஸ், இன்டர்நெட். கடைசியில் கரை போட்ட ஒரு சேர்டிபிகேட். அது பிளாஸ்டிக் ஃபைலுக்குள் போய், பிறப்புச் சான்றிதழுக்கும் கிராம சேவகர் தந்த கடிதத்துக்கும் நடுவில் இருந்துகொள்ளும்.

அந்தச் சேர்டிபிகேட்டால் என்ன வேலை கிடைக்கும் என்று எல்லோரும் கேட்கிறோம். அது எங்கிருந்து வந்தது என்று பெரும்பாலும் கேட்பதில்லை. நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள்; எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதன் பழைய கதையைத் தேடுவது பழக்கமாகிவிட்டது. இந்த விஷயத்தில் பழைய கதைக்கு ஒரு பிரயோசனமும் இருக்கிறது. எங்கட ஊர்க் கொம்பியூட்டர் கோர்ஸ் டைப்பிங் கிளாஸின் பிள்ளை. டைப்பிங் கிளாஸ் எந்த வாசலுக்குக் கூட்டிப் போனதோ, இதுவும் அதே அலுவலக வாசலுக்குத்தான் கூட்டிப் போகிறது. இது விளங்கினால், சேருவதா வேண்டாமா, எவ்வளவு காசு கொடுப்பது, முடித்துவிட்டு என்ன செய்வது என்ற கேள்விகள் எல்லாம் வேறு மாதிரித் தெரியும்.

மேசை உத்தியோகம்

இந்தக் கரையோரத்தின் சீவியம் நாலு விஷயங்களில் நின்றது. மேற்கே வயல், கிழக்கே கடல், மருதமுனையில் கைத்தறி, பஜாரில் வியாபாரம். நாலுமே நல்ல வருடமும் கெட்ட வருடமும் உள்ளவை. மழை பிழைத்தால் வேளாண்மை போய்விடும். கடல் கொந்தளித்தால் தோணி கரையில் கிடக்கும். நூல் விலை ஏறினால் தறி நிற்கும். மாதம் முடிய நிச்சயமாக வருகிற ஒரே காசு அரச சம்பளம். வயது போன பிறகும் வருகிற ஒரே காசு அதன் ஓய்வூதியம். "உத்தியோகம்" என்ற சொல்லுக்கு எங்கட ஊர்களில் இருக்கிற பாரம் அங்கிருந்து வந்தது. கலியாணப் பேச்சில்கூட அந்தச் சொல்லுக்குத் தனி விலை உண்டு.

உத்தியோகத்துக்கு இரண்டு பெரிய வாசல்கள் இருந்தன. ஒன்று ஆசிரியத் தொழில். அதற்கு அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை வழி காட்டியது. மற்றது எழுதுவினைஞர் வேலை, அதாவது கிளார்க். இந்த இரண்டாவது வாசலுக்கு முன்னால் நின்றதுதான் டைப்பிங் கிளாஸ். ஒரு அறை, சில பழைய யந்திரங்கள், சுவரில் விசைப்பலகைப் படம், பார்க்காமல் அடிக்கப் பழக்கும் ஒரு மாஸ்டர். சுருக்கெழுத்தும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

தமிழ்த் தட்டச்சின் கதையில் எங்கட நாட்டுக்கு ஒரு பெருமையான பங்கு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா, இவ்வளவு உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் உள்ள எழுத்தை ஒரு சிறிய விசைப்பலகைக்குள் அடக்க வழி கண்ட முன்னோடி. தமிழ் டைப்பிங் பழகியவர்களிடம் "யளனக" என்று சொல்லிப் பாருங்க, முகத்தில் ஒரு சிரிப்பு வரும். இடது கையின் நாலு விரலும் ஓய்வெடுக்கிற நாலு விசை அவை. முதல் நாள் பாடமே அதுதான். இந்த நாலு எழுத்தையும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்பி வருவோம்.

தட்டச்சுக்கு உள்ளே அரசியலும் இருந்தது. 1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழி ஆனபோது, தமிழில் மட்டும் டைப் அடிக்கத் தெரிந்தவருக்கு அரச அலுவலகத்தில் இடம் சுருங்கியது. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. அடுத்த வருடம் வந்த 16ஆவது திருத்தம் வடக்கு கிழக்கில் தமிழை நிர்வாக மொழி ஆக்கியது. ஆக, கல்முனையிலோ சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ இன்றைக்கு ஒரு பிரதேச செயலகத்தில் கடிதம் தமிழில் போகிறது என்றால் அதற்குப் பின்னால் முப்பது வருட இழுபறி இருக்கிறது.

கொழும்புக்கு வந்த யந்திரம்

இதே காலத்தில் கொழும்பில் வேறு ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. 1960களின் பிற்பகுதியிலேயே அரச பொறியியல் கூட்டுத்தாபனத்துக்குக் கணினி வந்துவிட்டது. 1983இல் தேசிய கணினிக் கொள்கை எழுதப்பட்டது. 1984இல் சின்டெக் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பேரவை உருவானது. 1987இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க கணினித் தொழில்நுட்ப நிறுவகத்தைத் தொடங்கினார். இலங்கையில் தகவல் தொழில்நுட்பத்தின் தந்தை என்று அவரைச் சொல்வது இதனால்தான். அந்த நிறுவகத்தின் வழிவந்த கல்லூரிதான் 2000ஆம் ஆண்டில் இருந்து நடக்கிற பி.ஐ.டி. என்ற வெளிவாரிப் பட்டத்தை இன்றைக்கு நடத்துகிறது. பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதவர்களும் கணினிப் பட்டம் எடுக்கலாம் என்ற வாசலைத் திறந்தது அந்தப் பட்டம்.

அந்த வருடங்களில் எங்கட கரையோரத்தின் நிலைமை வேறு. கொழும்பில் கணினி நிறுவகம் வளர்ந்த அதே காலத்தில் கிழக்கில் யுத்தம். பள்ளிவாசலுக்குள்ளேயே ஆட்கள் சுடப்பட்ட 1990ஐ எங்கட வீடுகளில் இன்னும் பெயர் சொல்லாமல் "தொண்ணூறு" என்று மட்டும் சொல்வார்கள். பின்னேரமானால் பாதை வெறிச்சோடும். கொழும்புக்குப் பிள்ளையை அனுப்பிப் படிப்பிப்பது காசுப் பிரச்சினை மட்டும் கிடையாது, உயிர்ப் பிரச்சினை.

எங்கட மாணவர்கள் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் போய்ப் படிக்க முடியாத நிலையில்தான் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பிறந்தது. எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியில் 1995 ஒக்டோபரில் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996 மே மாதத்தில் முழுப் பல்கலைக்கழகமாகி, பிறகு ஒலுவிலுக்குப் போனது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. சம்மாந்துறையிலேயே தொழில்நுட்பக் கல்லூரியும், எச்.என்.டி.ஐ.டி. என்ற உயர் தேசிய டிப்ளோமா படிக்கக்கூடிய உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும் இருக்கின்றன. கணினியை ஒரு துறையாகப் படிக்கிறதற்கான வழி இப்படித்தான் ஊருக்குப் பக்கத்திலேயே வந்து சேர்ந்தது.

ஆனால் ஊரில் முதலில் பரவியது அந்த வழியாக வந்த படிப்பு கிடையாது. டைப்ரைட்டர் இருந்த மேசையில் கொம்பியூட்டர் வந்து உட்கார்ந்தது. "டைப்பிங் அன்ட் ஷோர்ட்ஹேண்ட்" என்றிருந்த பலகையில் "கொம்பியூட்டர்" என்ற சொல் ஏறியது. படிக்க வந்தவர்களும் அதே ஆட்கள்: ஓ.எல்., ஏ.எல். முடித்துவிட்டு உத்தியோகத்துக்குக் காத்திருக்கிற பிள்ளைகள். எதிர்பார்ப்பும் அதேதான்.

பின்லாந்தில் எழுதிய பாடத்திட்டம்

அந்த வகுப்புகளில் என்ன படிப்பித்தார்கள் என்று பார்த்தால், உலகம் முழுக்க ஒரே பட்டியல்தான். அந்தப் பட்டியலுக்கு மிகத் தெளிவான வடிவம் கிடைத்த இடம் ஐரோப்பா. 1980களின் கடைசியில் பின்லாந்தில் "கணினி ஓட்டுநர் அனுமதிப்பத்திரம்" என்ற யோசனை வந்தது. கார் ஓட்ட லைசன் இருக்கிற மாதிரி, அலுவலகத்தில் கணினி ஓட்டவும் ஒரு லைசன். 1990களின் நடுப்பகுதியில் அது ஐரோப்பா முழுவதற்குமான சான்றிதழ் ஆனது. ஐரோப்பாவுக்கு வெளியே ஐ.சி.டி.எல். என்ற பெயரில் இலங்கை உட்படப் பல நாடுகளுக்கு வந்தது. அதில் ஏழு பகுதி: தகவல் தொழில்நுட்பத்தின் அடிப்படை, கணினியையும் கோப்புகளையும் கையாளுதல், சொற்செயலாக்கம், விரிதாள், தரவுத்தளம், முன்வைப்பு, இணையமும் மின்னஞ்சலும்.

எங்கட ஊர் ஆறு மாத கோர்ஸின் நோட்டீஸை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்க, பெரிய வித்தியாசம் இருக்காது. ஏ.எல். முதலாம் வருடத்தில் எல்லாப் பிரிவு மாணவர்களும் எழுதுகிற ஜி.ஐ.டி. பரீட்சையிலும் பெரும்பாலும் இதே விஷயங்கள்.

அந்த "லைசன்" என்ற ஒப்புமையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். லைசன் உள்ளவர் வாகனம் ஓட்டலாம். அவர் மெக்கானிக் ஆகிவிடமாட்டார். வாகனம் செய்யத் தெரிந்த பொறியியலாளரும் ஆகிவிடமாட்டார். லைசன் இருந்தால் ஆட்டோவோ வானோ ஓட்டிச் சம்பாதிக்கலாம், ஆனால் அதற்கு வாகனமும் வேண்டும், ஏறுகிற ஆட்களும் வேண்டும். அந்தச் சான்றிதழை உருவாக்கியவர்கள் இதைத் தெரிந்துதான் அந்தப் பெயரை வைத்தார்கள். வேலையில் இருக்கிற ஆளுக்கு மேலதிகமாக வேண்டிய ஒரு திறமை அது. எங்கட ஊருக்கு வரும்போது அதன் அர்த்தம் மாறிப்போனது. வேலை இல்லாதவர்கள் வேலை கிடைக்கும் என்று நம்பி எடுக்கிற பத்திரம் ஆகிவிட்டது.

கடல் வந்த பிறகு

அந்த நம்பிக்கை வெறும் கற்பனையில் வந்ததும் இல்லை. ஒரு சில வருடங்கள் அது உண்மையாகவே வேலை செய்தது.

2004 டிசம்பர் 26. சுனாமியில் இலங்கையில் அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோரம் முழுக்க மையித்து. அதற்குப் பிறகு உலகத்தில் உள்ள தொண்டு நிறுவனங்கள் எல்லாம் இந்தப் பாதையில் வந்து இறங்கின. வீட்டுப் பட்டியல், பயனாளிகள் பட்டியல், மாத அறிக்கை, கணக்கு. எல்லாமே எக்செலிலும் வேர்டிலும்தான். ஆங்கிலமும் கொம்பியூட்டரும் கொஞ்சம் தெரிந்த இளம் ஆட்களுக்கு, அரச கிளார்க் கனவிலும் காணாத சம்பளத்தில் வேலை கிடைத்தது. "அவன்ட மகன் என்.ஜி.ஓ.வில வேல செய்யிறான்" என்பது அப்போதைய ஊர்ப் பேச்சு. கோர்ஸ் செய்தால் வேலை என்பதை எங்களுக்கு முந்திய தலைமுறை கண்ணால் கண்டது அந்த வருடங்களில்தான்.

அதே நேரத்தில் அரசாங்கமும் வந்தது. 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தகவல் தொழில்நுட்பத்துக்கென்று ஒரு முகவர் நிறுவனம் அமைந்தது. 2005இல் இருந்து "நெனசல" நிலையங்கள் திறக்கப்பட்டன. பன்சலை, பள்ளிவாசல், நூலகம், சங்கக் கட்டிடம் என்று கிடைத்த இடத்தில் எல்லாம் சில கணினிகளும் இணையமும். 2014இல் இந்தத் திட்டத்துக்குப் பில் அன்ட் மெலின்டா கேட்ஸ் மன்றத்தின் பத்து இலட்சம் டொலர் பரிசும் கிடைத்தது.

கணக்கும் ஏறியது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2004இல் எடுத்த கணினி அறிவு வீதம் 9.7. 2019இல் அது 30.8. பதினைந்து வருடத்தில் மூன்று மடங்கு. ஆனால் அந்தத் திணைக்களம் "கணினி அறிவு உள்ளவர்" என்று யாரைச் சொல்கிறது என்று பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். தானாகக் கணினியைப் பயன்படுத்தத் தெரிந்த எவரும் அதில் சேர்த்தி. அவர்களே தருகிற உதாரணம்: ஐந்து வயதுப் பிள்ளை கணினியில் கேம் விளையாடினாலும் அந்தப் பிள்ளைக்குக் கணினி அறிவு உண்டு. பிழையான வரைவிலக்கணம் என்று சொல்ல வரவில்லை. எண்ணுவதற்கு அது போதும். சம்பளம் எடுக்க அது போதாது.

தொண்டு நிறுவனங்கள் சில வருடங்களில் மூட்டை கட்டின. வீடுகள் கட்டி முடிந்தன, பட்டியல்கள் முடிந்தன, ஒப்பந்தங்களும் முடிந்தன. கோர்ஸ் மட்டும் நின்றது. வேலை போன பிறகும் அந்த வேலையின் ஞாபகம் ஊரில் தங்கிவிட்டது. இன்றைக்கும் பிள்ளைகளைக் கோர்ஸுக்கு அனுப்புவது பெரும்பாலும் அந்த ஞாபகம்தான்.

ஏழு படி

சந்தையில் நூறு விதமான சேர்டிபிகேட் குவிந்தபோது அவற்றை ஒழுங்குபடுத்தவும் ஒரு முயற்சி நடந்தது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, 2004 அளவில் தேசிய தொழிற் தகைமை என்ற ஏணியைக் கொண்டுவந்தது. நாங்கள் என்.வி.கியூ. என்று சொல்வது அதைத்தான். மொத்தம் ஏழு படி. முதல் நாலும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம்.

இதில் இரண்டு விஷயம் எங்கட ஆட்களுக்குப் பெரிதாகத் தெரியாது. முதலாவது, இந்த ஏணியில் மதிப்பீடு செய்வது திறமையை. வகுப்பில் எத்தனை மாதம் இருந்தீர்கள் என்பதைவிட, தந்த வேலையைச் செய்து காட்ட முடியுமா என்பதுதான் முக்கியம். இரண்டாவது, வகுப்புக்கே போகாமல் வேலையில் பழகியவர்களும் தங்கள் திறமையை மதிப்பிடச் சொல்லிச் சான்றிதழ் எடுக்கலாம். பத்து வருடமாகக் கொமினிகேஷன் கடையில் டைப் செட்டிங் செய்கிற ஒரு நானாவுக்கு, ஆறு மாத கோர்ஸுக்குக் காசு கட்டாமலே அந்த வழி திறந்திருக்கிறது.

ஊரில் உள்ள கோர்ஸ்களில் சில இந்த ஏணியில் நிற்கின்றன, சில நிற்பதில்லை. நோட்டீஸில் "டிப்ளோமா" என்று போட்டிருப்பதால் அது ஐந்தாம் படி ஆகிவிடாது. மூன்று மாதத்தில் முடிகிற "டிப்ளோமா" எங்கட பாதையோரங்களில் தாராளமாகக் கிடைக்கிறது. நிறுவனம் ஆணைக்குழுவில் பதிவா, கோர்ஸுக்கு என்.வி.கியூ. உண்டா, எத்தனையாம் படி என்ற மூன்று கேள்விக்கும் நேர்ப் பதில் கிடைக்காத இடத்தில் கிடைப்பது கரை போட்ட கடதாசி மட்டும்தான்.

இன்றைக்கு அது எங்கே கொண்டுபோகும்?

ஒரு தகைமை எல்லோரிடமும் இருந்தால் அதன் சந்தை விலை இறங்கும். 1990களில் ஊரில் பத்துப் பேரிடம் இருந்த சான்றிதழ் இன்று ஒரே வகுப்பில் நாற்பது பேரிடம் இருக்கிறது. பாடசாலையிலேயே ஓ.எல்.லுக்குத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் ஒரு பாடம். 2013இல் தொழில்நுட்பப் பிரிவே ஏ.எல்.லுக்கு வந்தது; முதல் தொகுதி 2015இல் பரீட்சை எழுதியது. அதாவது முன்பு காசு கட்டிப் படித்ததில் பெரும்பகுதி இப்போது பாடசாலையில் சும்மா கிடைக்கிறது.

ஆகவே அடிப்படைச் சான்றிதழ் போய்ச் சேருகிற இடங்களை ஒளிக்காமல் சொல்லிவிடுவோம்.

அரச முகாமைத்துவ உதவியாளர் வேலைக்குப் போட்டிப் பரீட்சை உண்டு. அதில் தீர்மானிப்பது மொழித்திறனும் உளச்சார்பும். கோர்ஸ் சான்றிதழ் அந்தப் புள்ளியைக் கூட்டாது. வேலைக்குப் போன பிறகு கணினி தெரிந்திருப்பது கை கொடுக்கும். பட்டதாரிகளான எங்கட நிலைமையும் பெரிய வித்தியாசம் இல்லை. 2020இல் அரசாங்கம் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாய்க் கொடுப்பனவில் பயிலுநர்களாக எடுத்தது. அதில் பட்டம்தான் கேட்கப்பட்டது. உள்ளே போன எத்தனையோ பேருக்குச் செய்யக் கொடுக்க மேசையும் இல்லை, கணினியும் இல்லை.

தனியார் பக்கம் பார்த்தால் நிதி நிறுவனங்கள், ஹாட்வெயார், பாமசி, மொத்த வியாபாரக் கடைகளின் பில்லிங், கொமினிகேஷன் கடை. இவை உண்மையான வேலைகள். ஆனால் சம்பளம் குறைவு, ஆளைத் தெரிந்துதான் எடுப்பார்கள், சான்றிதழை அபூர்வமாகத்தான் கேட்பார்கள்.

மத்திய கிழக்கில் டைம் கீப்பர், ஸ்டோர் கீப்பர், டேட்டா என்ட்ரி, டொகியுமென்ட் கன்ட்ரோலர் என்ற வேலைகள் இருக்கின்றன. நாடு வங்குரோத்தான 2022இல் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்து போனவர்களின் தொகை 3 இலட்சத்தைத் தாண்டியது; அதில் எங்கட ஊர் நானாமார், தம்பிமார் எத்தனையோ பேர். வெயிலில் நிற்கிற வேலைக்கும் ஏசிக்குள் இருக்கிற வேலைக்கும் இடையில் சில வேளை எக்செல்தான் எல்லைக்கோடு. அங்கே பதிவுள்ள நிறுவனத்தின் சான்றிதழுக்கும் பதிவில்லாததற்கும் வித்தியாசம் தெரியும்.

நாலாவது, மேலே படிப்பது. என்.வி.கியூ. நாலில் இருந்து ஐந்து, ஆறு; சம்மாந்துறையில் எச்.என்.டி.ஐ.டி.; இல்லாவிட்டால் பி.ஐ.டி. சொப்ட்வெயார் துறைக்குப் போகிற பாதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு நிரலாக்கம் வேண்டும், கணிதச் சிந்தனை வேண்டும், எல்லாவற்றையும்விட ஆங்கிலம் வேண்டும். ஆறு மாத ஒபிஸ் கோர்ஸ் இந்தப் பாதையின் பாதித் தூரம் என்று நினைப்பது பிழை. அது பாதையின் பக்கத்தில் உள்ள வேறு ஒரு வீதி.

கல்முனை என்று டைப் பண்ணிப் பாருங்க

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்தக் கோர்ஸ் வேண்டாம் என்று முடிக்க எங்களுக்கு மனம் இல்லை. அலுவலகத்துக்கான படிப்பு என்றால் எங்கட அலுவலகத்துக்கு உண்மையில் என்ன தேவை என்று கேட்க வேண்டும். அங்கேதான் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: தமிழ்.

எங்கட அலுவலகங்களில் தமிழ் நீண்ட காலம் ஓடியது பாமினி எழுத்துருவில். பாமினி என்ன செய்கிறது என்றால், ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் முகமூடியைப் போடுகிறது. திரையில் "கல்முனை" என்று தெரியும். முகமூடியைக் கழற்றினால் கணினியின் வயிற்றுக்குள் இருப்பது எப், வை, ஓர் அரைப்புள்ளி, கே, ஐ, டி. கடைசி மூன்றையும் சேர்த்து வாசித்தால் ஆங்கிலத்தில் சின்னப்பிள்ளை என்று வரும்! எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கடிதத்தைத் திறந்தால் இதுதான் தெரியும். "கல்முனை" என்று தேடினால் அகப்படாது. அகர வரிசையில் பெயர்ப்பட்டியல் போட்டால் ஆங்கில வரிசையில் குழம்பி நிற்கும். வாக்காளர், பயனாளி, காணி என்று எத்தனையோ பட்டியல்கள் இப்படி ஊமையாகக் கிடக்கின்றன.

இதற்குத் தீர்வு எப்போதோ வந்துவிட்டது. 1991இல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. 2008இல் இலங்கை தமிழ்க் கணினி எழுத்துக்கென்று எஸ்.எல்.எஸ். 1326 என்ற நியமத்தை வெளியிட்டது. அதன் விசைப்பலகை ரெங்கநாதன் அமைப்பு. அந்த விசைப்பலகையில் இடது கையின் நாலு விரலும் எங்கே ஓய்வெடுக்கின்றன தெரியுமா? ய, ள, ன, க. பாமினியிலும் அதே இடம். டைப்ரைட்டரிலும் அதே இடம். வேர்ட்ஸ்டார் போனது, லோட்டஸ் போனது, டொஸ் போனது, ஒபிஸ் எத்தனையோ தடவை உருமாறியது. அந்த நாலு எழுத்து மட்டும் அசையவில்லை.

பின்லாந்துப் பட்டியலில் தமிழ்த் தட்டச்சு இருக்காது. இருக்க நியாயமும் இல்லை. ஆனால் கல்முனையில் நடக்கிற வகுப்பில் அது இல்லாமல் இருப்பதற்கு என்ன நியாயம்? தமிழ் நிர்வாக மொழியான பிரதேசத்தில், ஒரு பழைய பாமினிக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றவும், தமிழ்ப் பெயர்ப்பட்டியலை எக்செலில் வரிசைப்படுத்தவும் தெரிந்த பிள்ளை எந்த அலுவலகத்துக்கும் பிரயோசனமான பிள்ளை.

ராத்தாமாரின் வகுப்பு

கடைசியாக, எந்தப் புள்ளிவிபரத்திலும் வராத ஒரு விஷயம். எங்கட ஊர்களில் ஏ.எல். முடித்து, பல்கலைக்கழகம் கிடைக்காத பெண்பிள்ளைகளுக்கு வீட்டை விட்டு வெளியே போய்ப் படிக்க அனுமதி கிடைத்த இடங்கள் குறைவு. தையல் வகுப்பு ஒன்று, ஓதுகிற இடம் ஒன்று. மூன்றாவதாக வந்தது கொம்பியூட்டர் கிளாஸ். நடந்து போகிற தூரம், பகல் நேரம், உத்தியோகத்துக்கு உதவும் என்ற காரணம். வாப்பாமாரும் மறுக்கவில்லை. அந்த அறையில்தான் எத்தனையோ ராத்தாமார் முதல் தடவையாகச் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்தார்கள், சொந்தமாக ஒரு விண்ணப்பம் அனுப்பினார்கள். முந்திய தலைமுறையில் டைப்பிங் கிளாஸும் சில பெண்களுக்கு இதைத்தான் செய்து கொடுத்தது.

அதனால்தான் கோர்ஸின் தரம் எங்களுக்கு ஒரு சின்ன விஷயமாகத் தெரியவில்லை. ஒரு ஆண்பிள்ளை ஏமாந்தால் அவனுக்கு வியாபாரம் இருக்கிறது, வெளிநாடு இருக்கிறது, இன்னொரு ஊர் இருக்கிறது. ஒரு பெண்பிள்ளைக்கு வீட்டில் கிடைத்த அனுமதி அந்த ஆறு மாதத்துக்கு மட்டுமாக இருக்கலாம். அந்த ஆறு மாதத்தையும் உம்மாவின் காப்பை அடகு வைத்த காசையும் வாங்கிக்கொண்டு, எந்த ஏணியிலும் நிற்காத ஒரு கடதாசியைக் கொடுத்து அனுப்புவது அநியாயம். அதே ஆறு மாதத்தில் என்.வி.கியூ. படி ஒன்று, தமிழிலும் ஆங்கிலத்திலும் பார்க்காமல் டைப் அடிக்கிற கை, சூத்திரம் போட்டு ஒரு கணக்குத் தாளை ஒப்பேற்றுகிற மூளை, இந்த மூன்றையும் கொடுக்க முடியும். வீட்டில் இருந்து செய்யக்கூடிய வேலைகளும் இந்த மூன்றில் இருந்துதான் தொடங்குகின்றன.

இந்த வருடம் ஏ.எல். எழுதுகிற தம்பி தங்கச்சிமார் யாராவது கோர்ஸ் நோட்டீஸோடு உங்களிடம் வந்தால், சேரு என்றோ சேராதே என்றோ சொல்ல முதல் அந்த நோட்டீஸை வாங்கிப் பாருங்கள். பதிவு இலக்கம் இருக்கிறதா, என்.வி.கியூ. எத்தனையாம் படி, தமிழ் யூனிகோட் படிப்பிக்கிறார்களா, கோர்ஸ் முடிந்து அடுத்து எங்கே சேரலாம். நாலுக்கும் பதில் இருந்தால் காசைக் கட்டலாம். பதில் இல்லாவிட்டால் சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு பஸ் இருக்கிறது; போய் விசாரித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.